வரைபடத்தில் இல்லாத வாய்க்கால்

(பொறியியல் கல்லூரி ஒன்றின் தமிழ்மன்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

பள்ளியில் தமிழ் பயிற்றும் ஆசிரியன் ஒருவனை அழைத்து, 'நிலைபேற்றைப் பேணும் ஊக்கம் பொறியியல் மாணவர்க்கு எவ்வாறு வரும்?' என்னும் தலைப்பைத் தந்திருக்கின்றீர்கள். கற்காரையின் கலவையளவு எனக்குத் தெரியாது. மின்சுற்றின் நுட்பமும் தெரியாது. ஆயினும் முப்பது ஆண்டுகளாக மாணவர் முன் நின்று பழகியவன் நான். ஊக்கம் எப்போது மெய்யாகவே பிறக்கின்றது, எப்போது மதிப்பெண்ணுக்காகப் பிறந்ததுபோல் நடிக்கின்றது என்பதை மட்டும் ஓரளவு அறிவேன். அந்தப் பட்டறிவைக் கொண்டே இங்குப் பேச வந்துள்ளேன்.

நிலைபேறு என்பது யாது? நமக்கு வேண்டுவனவற்றை நாம் பெறும்போதே, நம் பின்வரும் தலைமுறையார் தமக்கு வேண்டுவனவற்றைப் பெறும் வாய்ப்பை அழித்துவிடாமல் காப்பது. 1987ஆம் ஆண்டில், நார்வே நாட்டுப் புருண்ட்லாந்து அம்மையார் தலைமையில் அமைந்த உலகக்குழு தந்த விளக்கத்தின் பிழிவு இதுவே. நாளிதழ்கள் இதனை 'நீடித்த நிலைத்த வளர்ச்சி' என்று நீட்டி எழுதும். நான் 'நிலைபேறு' என்னும் ஒரு சொல்லால் சுட்டுகின்றேன். சொல் சிறிதாயினும் அதன் சுமை பெரிது. அச்சுமையில் பெரும்பங்கு பொறியாளர் தோளிலேயே ஏறுகின்றது. ஏனெனில் அணையும் ஆலையும் சாலையும் வீடும் அவர் இட்ட கோட்டின்படியே எழுகின்றன.

ஒரு மாணவர் சொன்னது

2015ஆம் ஆண்டு திசம்பர் வெள்ளம் வடிந்து, பொங்கலும் கழிந்த ஒரு மாலைப்பொழுது. என்னிடம் பள்ளியில் பயின்று, பின்னர்க் குடிசார் பொறியாளரான மாணவர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். செங்கற்பட்டுப் பகுதியில் எங்கள் ஊரை அடுத்துப் புதிதாகப் போடப்பட்ட மனைப்பிரிவு ஒன்றின் வரைபடத்தை அணியமாக்கியவர் அவர். வழக்கமாகக் கலகலவென்று பேசுபவர், அன்று நெடுநேரம் தலைகுனிந்தே அமர்ந்திருந்தார். பிறகு சொன்னார்:

"ஐயா, நான் கையெழுத்திட்ட மனைப்பிரிவில் இடுப்பளவு நீர் நின்றது. ஏரிக்குச் செல்லும் வரத்துக்கால் ஒன்று அந்நிலத்தின் நடுவே இருந்தது. பழைய வரைபடத்தில் அது வெறும் விட்டுவிட்டுப் போட்ட கோடு, பெயரில்லை. 'பத்தாண்டாக அதில் நீர் வந்ததில்லை, வெறும் புறம்போக்கு' என்றார் என் மேலாளர். நானும் அதனைத் தெருவாக மாற்றிவிட்டேன். நம் பள்ளியில் மணியடித்தாரே பெரியவர், அவர் ஓய்வுப்பணத்தில் வாங்கிய மனையும் அங்குத்தான் இருக்கின்றது."

நான் வாய்திறக்கவில்லை. அவரே தொடர்ந்தார்: "கல்லூரியில் சூழலியல் பாடத்தில் நான் வாங்கிய மதிப்பெண் 91. 'நீர்நிலைகளின் பயன்கள் யாவை?' என்ற வினாவுக்குப் பத்துப் பயன்களை எழுதினேன். ஆனால் நம் ஊர் ஏரிக்கு நீர் எவ்வழியாக வருகின்றது என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை ஐயா. நானும் கேட்டுக்கொண்டதில்லை."

மாணவச் செல்வங்களே! அச்சொல் அவரைச் சுட்டதைவிட என்னை மிகுதியாகச் சுட்டது. 'ஏரியின் சிறப்பு' என்று அவருக்குக் கட்டுரைப் பயிற்சி தந்தவன் நான். முன்னுரையும் முடிவுரையும் சரியாக உள்ளனவா, ஒற்றுப்பிழை உண்டா என்று சிவப்பு மையால் திருத்தியவன் நான். பள்ளிக்குப் பின்னால் கால்மணி நேர நடையில் இருந்த அந்த ஏரிக்கரைக்கு ஒருநாளேனும் அவரை அழைத்துச் சென்றேனா? இல்லை. ஆகவே நான் இங்கு அறிவுரை கூற வந்தவனல்லன். என் பங்குப் பிழையையும் ஒப்புக்கொள்ள வந்தவன்.

கட்டாயமும் ஊக்கமும்

சூழலைப் பற்றிய கல்வி நம் கல்லூரிகளில் இல்லாமலில்லை. 1991ஆம் ஆண்டிலேயே, சூழற்கல்வியைக் கட்டாயப் பாடமாக்க வேண்டுமென்று உச்ச நயன்மன்றம் ஆணையிட்டது. 2003இல் அவ்வாணை மீண்டும் வலியுறுத்தப்பட, பல்கலைக்கழக நல்கைக் குழு இளநிலைப் பட்டப்படிப்புகள் அனைத்திற்கும் ஆறு திங்கள் பாடத்திட்டம் ஒன்றை வகுத்தது. 2014இல் இந்தியா முழு உறுப்பாகிய வாசிங்டன் உடன்படிக்கையும், பொறியியல் பட்டதாரிக்கு இருக்கவேண்டிய பண்புகளுள் சூழலையும் நிலைபேற்றையும் பேணுவதை ஒன்றாகச் சேர்த்துள்ளது. எனவே பாடமும் உண்டு, தேர்வும் உண்டு, சான்றிதழும் உண்டு. இல்லாதது எது? 'இதை நான் செய்தே தீரவேண்டும்' என்று உள்ளிருந்து எழும் உந்துதல் ஒன்றே.

இவ்வுந்துதலைப் பற்றி உளநூலார் ஆராய்ந்துள்ளனர். 1971இல் அமெரிக்க உளநூலறிஞர் எட்வர்டு தெசி, கல்லூரி மாணவர்களிடம் கட்டைத் துண்டுகளை இணைத்து உருவம் அமைக்கும் புதிர்களைத் தந்தார். ஒரு பிரிவார்க்கு இடையில் ஒருமுறை மட்டும், தீர்த்த புதிர் ஒவ்வொன்றுக்கும் காசு தந்தார். மற்றப் பிரிவார்க்குக் காசில்லை. காசு நிறுத்தப்பட்டபின், ஓய்வுப்பொழுதில் யார் எவ்வளவு நேரம் அப்புதிரில் ஈடுபடுகின்றனர் என்பதைக் கணக்கிட்டார். காசு பெற்றவர்களின் ஈடுபாடு முன்னிருந்ததினும் குறைந்திருந்தது. விளையாட்டாக இருந்தது கூலிவேலையாகிவிட்டது. கூலி நின்றதும் வேலையும் தளர்ந்தது.

மதிப்பெண்ணும் ஒருவகைக் கூலிதானே! தேர்வுக்காக மட்டும் கற்ற சூழலியல், தேர்வுக்கூடத்து வாயிலைத் தாண்டி வெளியே வருவதில்லை.

சட்டமும் கட்டாயமும் வேண்டா என்று நான் கூறவில்லை. 2003இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேமிப்பைக் கட்டாயமாக்கியது. நிலத்தடி நீருக்கு அது நன்மை செய்தது. ஆயினும் 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. சூலைத் திங்களில் சோலையார்பேட்டையிலிருந்து சென்னைக்குத் தொடர்வண்டியில் குடிநீர் வந்தது. அன்று பல வீடுகளில், முன்னர்த் தோண்டிய மழைநீர்க் குழி மண்மூடிக் கிடந்தது. சட்டம் குழியைத் தோண்ட வைக்கும். ஆண்டுதோறும் அதனைத் தூர்வாரும் கையைச் சட்டத்தால் தரவியலாது.

ஊக்கத்தின் மூன்று ஊற்றுகள்

அவ்வாறாயின் ஊக்கம் எங்கிருந்து ஊறும்? தெசியும் அவருடைய உடனாய்வாளர் இரிச்சர்டு இரயனும் பின்னர் வளர்த்த கொள்கை மூன்று ஊற்றுகளைச் சொல்கின்றது. 'இது என்னால் இயலும்' என்னும் திறனுணர்வு; 'இதனை நானே தேர்ந்து செய்கின்றேன்' என்னும் தன்னுரிமையுணர்வு; 'நான் தனியனல்லன், பிறரோடு பிணைந்தவன்' என்னும் உறவுணர்வு. இம்மூன்றையும் பொறியியலில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் திறனுணர்வு. உலகம் வெப்பமடைகின்றது, கடல் உயர்கின்றது, காடு அழிகின்றது என்று அடுக்கிக்கொண்டே போனால் இளைஞர் நெஞ்சில் ஊக்கம் வராது, மலைப்புத்தான் வரும். மலைப்பை உடைப்பது கணக்கு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஓர் இலிட்டர் நீர். சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் விழுவது 1,40,000 இலிட்டர். அதில் ஐந்திலொரு பங்கு வீணாயினும் 1,12,000 இலிட்டர் கிடைக்கும். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 இலிட்டர் என்னும் அளவுப்படி, நால்வர் வாழும் வீட்டுக்கு இருநூறு நாளைக்கு மேல் அது போதும். இக்கணக்கைத் தன் வீட்டு மாடிக்குத் தானே போட்டுப்பார்த்த மாணவருக்கு, மழைநீர் சேமிப்பு ஒரு முழக்கமாக இராது. தம் கைக்கு எட்டும் பொருளாகிவிடும்.

அடுத்தது தன்னுரிமை. 'கட்டடம் என்றால் சிமெண்டு. அதில் நான் தேர்வதற்கு என்ன இருக்கின்றது?' என்பீர்கள். 100 கிலோ தூய சுண்ணக்கல்லைச் சூளையிலிட்டுச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு எஞ்சும். 44 கிலோ கரிவளியாகி வானேறும். எரிபொருளின் புகை இதற்கும் மேல். இது வேதியல் வகுத்த கணக்கு, எவராலும் மாற்றவியலாது. ஆனால் அனல்மின் நிலையத்துச் சாம்பலைச் சிமெண்டில் 35 விழுக்காடு வரை கலக்க இந்தியத் தரநூல் இசைவு தருகின்றது. அந்த அளவுக்குச் சுண்ணக்கல்லைச் சுடுவது குறையும். எந்தச் சிமெண்டு, எவ்வளவு தடிப்பு, எந்தப் பக்கம் பலகணி, எங்கே நிழல் என்று ஒரு நாளைக்குப் பத்துத் தேர்வுகள் பொறியாளர் மேசைக்கு வருகின்றன. தேர்வு தம்முடையது என்று உணராதவர் பழைய வரைபடத்தையே படியெடுப்பார். உணர்ந்தவர் எழுதுகோலைச் சற்று நிறுத்தி எண்ணிப் பார்ப்பார்.

ஆற்றின் கீழே நிற்பவர்

மூன்றாவது உறவுணர்வு. இதுவே மூன்றிலும் ஆழமானது என்று நான் கருதுகின்றேன். இதற்கு நொய்யலாற்றைக் காட்டுவேன்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியில் கலப்பது நொய்யல். அதன் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் உழவுக்காக ஓர் அணை கட்டப்பட்டு 1992இல் முடிவுற்றது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு நீரின் தேக்கமாகிவிட்டது. உழவர்கள் நயன்மன்றத்தின் படியேறினர். கழிவுநீரைச் சொட்டும் வெளிவிடாத முறையை மேற்கொள்ளச் சாயப்பட்டறைகளுக்கு உயர் நயன்மன்றம் 2006இல் ஆணையிட்டது. ஆணை முழுமையாக நிறைவேறாமையால், 2011 சனவரியில் பட்டறைகளை மூடவும் ஆணையிட்டது. பல்லாயிரம் தொழிலாளர் வேலையிழந்தனர். உழவரும் அழுதனர், உழைப்பாளரும் அழுதனர்.

இதில் பொறியியல் எங்கே இருக்கின்றது? உப்பில் இருக்கின்றது! பருத்தி நூலில் சாயம் ஏறுவதற்குச் சாயநீரில் உப்பை மிகுதியாகச் சேர்க்கின்றனர். சாயம் நூலில் ஏறிவிடும். உப்போ நீரிலேயே தங்கிவிடும். வழக்கமான துப்புரவு முறைகள் நிறத்தையும் அழுக்கையும் நீக்கும். கரைந்த உப்பை நீக்கா. கழிவுநீர் கண்ணுக்குத் தெளிந்து தோன்றும். ஆனால் அதைக் குடித்த நிலம் உவராகும். உப்பைப் பிரிக்க எதிர்ச் சவ்வூடு பரவலும், எஞ்சியதைக் கொதிக்கவைத்து வற்றடிக்கும் கலன்களும் வேண்டும். இன்று திருப்பூர்ப் பட்டறைகள் இம்முறையில் நீரை மீட்டு மீண்டும் பயன்படுத்துகின்றன, உப்பையும் மீட்கின்றன. இதற்கு மின்னாற்றலும் எரிபொருளும் மிகுதியாகச் செலவாவது மற்றொரு சிக்கல். உப்பையே குறைத்துச் சாயமேற்றும் வழி உங்களுள் ஒருவருக்காகக் காத்திருக்கின்றது.

நான் கேட்பது ஒன்றே. இவ்வறிவும் கருவியும் முன்னரே இருந்தன. பட்டறையின் குழாயை ஆற்றில் இறக்கிய பொறியாளருக்கு, ஆற்றின் கீழே நின்ற உழவர் ஒருவரின் முகம் தெரிந்திருந்தால், நயன்மன்றம் கதவைப் பூட்டும்வரை அவர் காத்திருந்திருப்பாரா? அவருக்கு அறிவு குறையவில்லை, உறவு குறைந்தது. தம் குழாய் எங்கே முடிகின்றது என்று அவர் ஒருநாளும் நடந்துபோய்ப் பார்க்கவில்லை.

கணக்குக் காட்டாதார்க்கு இடமில்லை

நம் முன்னோர் இதற்கு ஒரு வழி கண்டனர். உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை நீங்கள் அறிவீர்கள். முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை. குடவோலைக்காக அவற்றைப் போற்றுகின்றோம். அவற்றில் உள்ள ஏரி வாரியத்தை மறந்துவிடுகின்றோம். ஏரியைக் காக்க அறுவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்க்குப் பணிக்காலம் 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதார், மீண்டும் அப்பணிக்கு வரவியலாது. அவர் மட்டுமன்று, அவருடைய நெருங்கிய உறவினரும் வரவியலாது!

அவ்வவை குறையற்றது என்று நான் பொய்யுரைக்க மாட்டேன். நிலமும் மறைக்கல்வியும் உடையார்க்கே அங்கு இடமிருந்தது. ஏரி வண்டலைத் தலையில் சுமந்தார்க்கு இடமில்லை. அக்குறையைத் தள்ளுவோம். ஆனால் 'நீரைத் தொட்டவர் ஊருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்' என்னும் அறத்தைத் தள்ளலாகாது. தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன. அவை எழுந்தது பொறியியல் திறத்தால். நின்றது கணக்குச் சொல்லும் கடமையால்.

இதுதான் நான் சொல்ல வந்த ஒரே கருத்து. நிலைபேற்றுக்கான ஊக்கம் அச்சத்தில் பிறப்பதில்லை, மதிப்பெண்ணிலும் பிறப்பதில்லை. 'இந்த ஊருக்கு, இந்த மனிதர்க்கு நான் விடைசொல்ல வேண்டியவன்' என்னும் உணர்விலேயே பிறக்கின்றது.

நீங்கள் செய்யக்கூடியவை

உங்கள் நிலையை நான் அறியாதவனல்லேன். கல்விக் கடன் இருக்கும். வீட்டில் திருமணத்துக்கு நிற்கும் தங்கை இருப்பாள். மேலாளரை எதிர்த்து வேலையைத் தூக்கியெறியுங்கள் என்று, ஓய்வூதியம் பெறப்போகும் ஓர் ஆசிரியன் உங்களிடம் சொல்வது முறையன்று. எளிய மூன்று செயல்களை மட்டும் கேட்கின்றேன்.

ஒன்று: நடந்து பாருங்கள். இக்கல்லூரியின் கழிவுநீர் எங்குச் செல்கின்றது? விடுதியில் ஒரு நாளைக்கு மிஞ்சும் சோறு எவ்வளவு? ஆளில்லா அறைகளில் எத்தனை விளக்குகள் எரிகின்றன? இவற்றை அளந்து, உங்கள் கல்லூரிக்கே ஒரு கணக்கை அணியமாக்குங்கள். இறுதியாண்டுத் திட்டப்பணிக்குக் கடையில் விலைக்கு வாங்கிய அறிக்கையைக் கட்டி ஒப்படைப்பதைவிட, உங்கள் ஊர் ஏரியின் மதகு ஒன்றை அளந்து வரைவது மேல்.

இரண்டு: பெயர் கேளுங்கள். ஊர் முதியோரிடம் அமருங்கள். மதகு, மடை, தூம்பு, கலிங்கு, உள்வாய், வரத்துக்கால், போக்குக்கால், ஆயக்கட்டு என்று ஏரியின் ஒவ்வோர் உறுப்புக்கும் நம் மக்கள் பெயர் வைத்திருக்கின்றனர். அப்பெயர்களை உங்கள் வரைபடத்தில் தமிழிலேயே எழுதுங்கள். இதனை மொழிப்பற்றால் மட்டும் நான் சொல்லவில்லை. என் மாணவர் அழித்த வாய்க்காலுக்கு அவ்வூரில் பெயர் இருந்தது, வரைபடத்தில் இல்லை. பெயர் தெரியாத ஒன்றை அழிக்கும்போது கை நடுங்குவதில்லை. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் குடிசார் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. தமிழ்வழியிற் பயின்றாலும் ஆங்கிலவழியிற் பயின்றாலும், ஊராரோடு பேசும் பொறியியல் ஊர்மொழியில்தான் நடந்தாக வேண்டும்.

மூன்று: எழுதி வையுங்கள். தவறு என்று தோன்றினால், மேலாளரிடம் பணிவாக, ஆனால் எழுத்தில், மாற்றுவழியையும் அதன் செலவையும் சேர்த்துக் கொடுங்கள். 'கூடாது' என்று மட்டும் சொல்பவரைத் தள்ளிவிடுவார்கள். 'இப்படிச் செய்யலாம், இவ்வளவு ஆகும்' என்று கணக்கோடு வருபவரைத் தள்ளுவது அவ்வளவு எளிதன்று. அவர்கள் ஏற்காமற் போகலாம். உங்கள் கணக்கு உங்களிடம் இருக்கும்.

பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'பயன்கள் பத்து எழுதுக' என்னும் வினாவை விடுத்து, 'உன் ஊர் நீர் எங்கிருந்து வருகின்றது? எங்கே போகின்றது? வரைந்து காட்டு' என்று கேளுங்கள். அவ்வினாவுக்கு விடைநூல் கடையில் கிடைக்காது.

அந்த மாணவர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அன்று என் வீட்டிலிருந்து எழுந்தவர், நேரே பள்ளி மணியடித்த பெரியவர் வீட்டுக்குப் போனார். தம் பிழையைச் சொன்னார். பெரியவர் திட்டவில்லை, தேநீர் தந்தாராம். அதன்பின் ஞாயிறுதோறும் மட்டம் பார்க்கும் கருவியோடு அம்மனைப்பிரிவுக்கு வந்தார். மேடுபள்ளங்களை அளந்தார். முதியோரிடம் கேட்டு, பழைய காலின் போக்கைப் பெயரோடு வரைந்தார். குடியிருப்போர் கையெழுத்தோடு ஊராட்சிக்கு விண்ணப்பித்தார். இரண்டு ஆண்டுகள் அலைந்தபின், தெருவுக்கடியில் குழாய்ப் பாலம் ஒன்று வந்தது. பழைய வாய்க்காலின் அகலத்தில் பாதியும் இல்லை. எனினும் அதன்பின் வந்த மழைகளில், இடுப்பளவு நின்ற நீர் கணுக்காலளவில் வடிந்தது.

அந்த ஞாயிறுகளுக்கு அவருக்கு எவரும் கூலி தரவில்லை. மதிப்பெண்ணும் தரவில்லை. ஒருநாள் கேட்டேன், "களைப்பாக இல்லையா தம்பி?" என்று. "ஐயா, அந்தப் பெரியவர் இப்போது மழை வந்தால் எனக்குத்தான் முதலில் தொலைப்பேசுகின்றார்" என்றார். சொன்னபோது அவர் முகத்தில் இருந்த மலர்ச்சியை, நூற்றுக்கு நூறு வாங்கிய எந்த மாணவர் முகத்திலும் நான் கண்டதில்லை.

மழை வரும்போது உங்களை அழைக்க ஓர் ஊர் இருக்கட்டும். அவ்வழைப்புக்கு அஞ்சாமல் விடைசொல்லும் பொறியாளர்களாக நீங்கள் வளருங்கள்.